கிழக்கே பறந்தால் கலையும் தூக்கம்: டாக்டரிடம் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே துன்பத்தைப் பேசுகின்றன. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா சென்ற பெற்றோர்கள், ஊர் திரும்பியதும் இரவும் பகலும் தலைகீழாகித் தவிக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, நேர மண்டலங்களைக் கடந்து பறப்பதால் வரும் இந்தத் தூக்கக் குழப்பத்தை, அதாவது ஜெட் லாக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். வயது 63. நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஜூலைக் கடைசியில் ஊர் திரும்புகிறேன். சென்ற முறை இங்கே வந்தபோது சீக்கிரமே பழகிவிட்டது. திரும்பிப் போனபோது பட்ட பாடு சொல்லி மாளாது. சாப்பிடும்போதே கண் சொருகும். நள்ளிரவு ஒரு மணிக்கு முழு விழிப்பு. “காலை வெயிலில் நட, சரியாகிவிடும்” என்று எல்லோரும் சொன்னார்கள். நடந்தேன், பலனில்லை. இங்கே இரவு ஒன்பதரைக்குப் படுத்துக் காலை ஐந்தரைக்கு எழுகிறேன். இந்த முறை என்ன செய்வது? 
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகோதரி, படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு முதலில் வேண்டியது அதுதான். பலர் அதை விட்டுவிட்டு எந்த விமானம், எத்தனை பெட்டி என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, நம் உடல் கடிகாரம் இருக்கிறது. அதன் ஒரு நாள், சூரியனின் 24 மணி நேரத்தைவிடச் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நீளம். அதனால் நாளை நீட்டுவது உடலுக்கு எளிது, சுருக்குவது கடினம். மேற்கே போகும்போது நாள் நீள்கிறது, கிழக்கே வரும்போது சுருங்குகிறது. மேற்கே போனால் உடல் கடிகாரம் நாளொன்றுக்குத் தோராயமாக ஒன்றரை மணி நேரம் நகர்ந்து கொடுக்கும். கிழக்கே வந்தால் ஒரு மணி நேரம்தான் நகரும். ஜூலையில் நியூ ஜெர்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏன் அத்தனை நாள் ஆனது என்பது இப்போது புரியும்.

அடுத்து, அந்தக் காலை வெயில். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உடல் கடிகாரத்தைத் திருப்பும் சாவி வெளிச்சம். தூக்கம் அதன் பின்னால் வருவது. அந்தச் சாவி இரு பக்கமும் திரும்பும். நாம் வழக்கமாக எழுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு உடலின் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்துக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும், அதாவது தூக்கமும் விழிப்பும் முன்னதாக வரும். அதற்கு முன்பு படும் வெளிச்சம் பின்னுக்கு இழுக்கும், அவை தாமதமாகும். ஐந்தரைக்கு எழும் உங்களுக்கு அந்தத் தாழ்நிலை அதிகாலை மூன்று மணியளவில் வரும். நியூ ஜெர்சியில் மூன்று மணி என்றால் தஞ்சாவூரில் பகல் பன்னிரண்டரை. நீங்கள் வந்து இறங்கிய மறுநாள் காலை ஏழு மணிக்கு வெயிலில் நடந்தபோது, உங்கள் உடலைப் பொறுத்தவரை இரவு ஒன்பதரை மணிக்குப் பெரிய விளக்கின் முன் நின்றிருக்கிறீர்கள். கடிகாரம் முன்னே வர வேண்டிய வேளையில் பின்னே போயிருக்கிறது. உள்ளூரிலேயே இருப்பவர்களுக்குக் காலை நடை மிக நல்லது. அந்த நல்ல பழக்கத்தை நம்பித்தான் எல்லோரும் உங்களுக்கும் சொன்னார்கள்.

இந்த முறை இப்படிச் செய்யுங்கள். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே, தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் படுத்து அரை மணி நேரம் முன்னதாக எழுங்கள். கடைசி நாளில் ஏழரைக்குப் படுக்கை, மூன்றரைக்கு விழிப்பு. எழுந்தவுடன் அறையின் எல்லா விளக்குகளையும் போடுங்கள். விடிந்ததும் மகள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். மாலையில் திரைச்சீலையை இழுத்து மூடுங்கள், ஜூலையில் அங்கே எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பேரப்பிள்ளைகளோடு கழிக்கும் கடைசி மாலைகளைச் சுருக்குவது மனத்துக்குக் கஷ்டம், அது எனக்குத் தெரியும். மாலைப் பொழுதை அதிகாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகள் எழும்போது பாட்டி முழு விழிப்போடு சமையலறையில் இருப்பது அவர்களுக்கும் இன்பம்தான். இப்படி முன்கூட்டியே பழகுவது புதிய யோசனையும் அல்ல. 1931இல் நியூயார்க்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பி ஒன்பது நாளுக்குள் உலகைச் சுற்றிவந்த வைலி போஸ்ட் என்ற விமானி, அதற்கு முன்பே தன் தூக்க நேரங்களை மாற்றி மாற்றிப் பழகியிருந்தார்.

விமானம் இரவு பதினொரு மணியளவில் புறப்பட்டால், அட்லாண்டிக் கடலின் நடுவிலேயே விடிந்துவிடும். முன்கூட்டியே பழகியிருந்தால் உங்கள் தாழ்நிலை இரவு ஒரு மணிக்கு வந்திருக்கும். அதன் பிறகு வரும் அந்த விடியல் உங்களுக்கு உதவும், சன்னலைத் திறந்து பாருங்கள். பழகவில்லை என்றால் நியூ ஜெர்சி நேரம் மூன்று மணி வரை கண்மறைப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு தூங்குங்கள். இதற்காகவே கைக்கடிகாரத்தை ஊர் வந்து சேரும்வரை மாற்றாதீர்கள்.

சென்னையில் காலை எட்டு, ஒன்பது மணிக்கு இறங்கிக் காரில் தஞ்சாவூர் செல்வீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தப் பயணத்தின் முதல் பாதியில் கறுப்புக் கண்ணாடி அணிந்து பின் இருக்கையில் தூங்குங்கள். விழுப்புரம் வரும்போது மணி ஏறக்குறைய பன்னிரண்டரை ஆகியிருக்கும். அங்கே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சாப்பிட்டு, இறங்கி நடங்கள். முன்கூட்டியே பழகியவர் என்றால் பத்தரை மணிக்கே கண்ணாடியைக் கழற்றலாம். பிற்பகல் முழுவதும் வெளிச்சம் வேண்டும். அதற்காக ஜூலை வெயிலில் நின்று மயங்கி விழ வேண்டாம்; வேப்ப மர நிழல் போதும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான், திறந்த வெளியின் நிழலிலோ அது பல ஆயிரம் லக்ஸ்.

அடுத்தடுத்த நாட்களில் வெளிச்சத்துக்கு வரும் இந்த நேரத்தை ஒவ்வொரு மணி நேரம் முன்னே கொண்டு வாருங்கள்: பன்னிரண்டரை, பதினொன்றரை, பத்தரை. முன்கூட்டியே பழகியிருந்தால் பத்தரையிலிருந்து தொடங்குங்கள். ஒரு வாரத்துக்குள் உங்கள் பழைய காலை நடை உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். முதல் நாட்களில் நள்ளிரவில் விழித்தால் சிறு விளக்கோடு இருங்கள், கைபேசி வேண்டாம், முழுச் சாப்பாடும் வேண்டாம். பிறகு நான்கு, ஐந்து மணிக்குத் தூக்கம் வந்தால் விட்டுவிடாதீர்கள். வாசல் தெளிக்க வேறு யாராவது எழட்டும். நீங்கள் இருட்டறையில் எட்டரை, ஒன்பது வரை தூங்கலாம். அந்தத் தூக்கம் உங்கள் இரவின் மறுபாதி. பகலில் தாங்கவே முடியாவிட்டால் அலாரம் வைத்து அரை மணி நேரம் மட்டும் கண்ணயருங்கள். நன்றாகத் தூங்கும்வரை ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். இதை வேண்டுகோளாகவே சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் மகன் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறான். செப்டம்பரில் திரும்புகிறோம். நாங்கள் பதினொன்றுக்குப் படுத்து ஏழுக்கு எழுபவர்கள். நியூ ஜெர்சியிலிருந்து வருபவர்களின் வழி எங்களுக்கும் பொருந்துமா? 
— வாசகர், மதுரை

பதில்: பொருந்தாது. விமானம் கிழக்கே வந்தாலும் உங்கள் உடல் மேற்கே போனதாகவே நினைத்துக்கொள்ளட்டும். வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம். அதை முன்னே தள்ளித் தீர்ப்பதைவிட, பதினொன்றரை மணி நேரம் பின்னே நகர்த்துவது குறைந்த தூரம். அந்தத் திசை உடலுக்கும் இணக்கமானது. உங்கள் தாழ்நிலை அங்கே அதிகாலை நாலரை, மதுரையில் மாலை ஐந்து மணி. அதற்கு முந்தைய வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னே நகர்த்தும் என்பதால், முற்பகலிலிருந்து மாலை நாலரை வரை எவ்வளவு வெளியில் இருக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. முதல் இரண்டு நாள் மட்டும் ஐந்து மணிக்கு மேல் வெளியே வர வேண்டாம். பிறகு உங்கள் தாழ்நிலையே சூரிய அஸ்தமனத்தைத் தாண்டிவிடும். முன்னதாகப் படுத்துப் பழகும் வேலையும் உங்களுக்குத் தேவையில்லை. முதலில் முற்பகலில் தூக்கம் தள்ளும். நாளாக ஆக அது பிற்பகலுக்கும் மாலைக்கும் நகரும். அப்படி நகர்ந்தால் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: இதெல்லாம் மனத்தின் பலவீனம் என்பது என் கருத்து. வந்து சேர்ந்த ஊரின் நேரத்தை மனத்தில் உறுதியாக நினைத்துக்கொண்டால் உடல் கேட்காதா? 
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, உங்கள் வீட்டு வேலியோரம் தொட்டாற்சிணுங்கி இருக்கிறதா? பிரெஞ்சு அறிஞர் டெ மைரான் 1729இல் அந்தச் செடியை வெளிச்சமே புகாத இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளியே பகலாக இருந்தபோது அது இருட்டுக்குள்ளேயே இலை விரித்தது, இரவானபோது மூடிக்கொண்டது. சூரியனைக் காணாமலே அதற்கு நேரம் தெரிந்தது. செடிக்கு மனம் ஏது, உறுதி ஏது? பழ ஈயின் உயிரணுக்களில் இந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் கல்லீரல், குடல், இதயம் எல்லாவற்றிலும் இத்தகைய கடிகாரங்கள் ஓடுகின்றன. நீண்ட பயணத்துக்குப் பின் மலச்சிக்கலும், நடுச்சாமத்துப் பசியும், பகல் சாப்பாட்டின் மீது வெறுப்பும் வருவது அதனால்தான். அவையும் ஒன்றுபோல நகர்வதில்லை. மூளை ஒரு நேரத்தில் இருக்க, வயிறு வேறொரு நேரத்தில் இருக்கும். வந்து சேர்ந்த ஊரின் வேளைக்கு அளவாகச் சாப்பிடுவது வயிற்றின் கடிகாரத்துக்கு நாம் செய்யக்கூடிய உதவி. தூங்க முடியாமல் தவிக்கும் உங்கள் துணைவியாரிடமோ உறவினரிடமோ மன உறுதி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே களைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மகன் அமெரிக்காவிலிருந்து மெலடோனின் மிட்டாய் மாத்திரைப் புட்டி ஒன்று அனுப்பியிருக்கிறான். ஒன்றில் 10 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. நானும் கணவரும் பயணத்தில் சாப்பிடலாமா? அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். 
— வாசகி, நாகர்கோவில்

பதில்: அவர் சாப்பிடக் கூடாது. வார்ஃபரினோடு சேரும்போது ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். அவருடைய மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இந்தச் செய்தியைப் படிக்கும்வரை அவர் ஏதாவது சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேறு நோய் எதுவும் இல்லையென்றால், உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். மெலடோனின் இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் சுரப்பு. தூக்க மாத்திரைபோல அடித்துப் போடுவது அதன் வேலை இல்லை. பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடப்பவர்களுக்கு இது பயன்படுகிறது என்று கண்டது. ஊர் வந்து சேர்ந்த பிறகு, அங்கே படுக்கும் நேரத்தில், அரை மில்லிகிராம் முதல் 5 மில்லிகிராம் வரை எடுத்தால் போதும். அதற்கு மேல் எடுத்தால் கூடுதல் பலன் கிடையாது. ஆகவே உங்கள் புட்டியில் இருக்கும் 10 மில்லிகிராம் அதிகம். இன்னொன்று: அமெரிக்காவில் இது மருந்தாக விற்கப்படுவதில்லை, ஊட்டச் சத்துப் பொருளாக விற்கப்படுகிறது. அதனால் புட்டியில் எழுதியிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் அளவும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. பகலில் தவறான வேளையில் எடுத்தால் பகலெல்லாம் மந்தமாக இருக்கும், கடிகாரமும் தவறான பக்கம் நகரும்.

விமானத்தில் தூக்க மாத்திரை வேண்டுமா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு நான் எழுதித் தருவதில்லை. ஒரே நிலையில் மணிக்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. அரை மயக்கத்தில் கழிவறைக்கு எழுந்து விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, விழித்திருக்கும்போது நடைபாதையில் நடப்பது, தண்ணீர் குடிப்பது ஆகியவை போதும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஈரப்பதமோ இருபது சதவீதத்துக்கும் கீழே. நாக்கு வறண்டபின் குடிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மனைவிக்கு இருவேளையும் இன்சுலின். நியூயார்க்கிலிருந்து துபாய் வழியாக வருகிறோம். ஊசியை எந்த ஊர் நேரப்படி போடுவது? 
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்காமலே விமானம் ஏறுபவர்கள் நிறையப் பேர். நீங்கள் கேட்டதற்கு நன்றி.

கிழக்கே வரும்போது நாள் சுருங்குகிறது. ஊர் நேரத்தை மட்டும் பார்த்து வழக்கமான அளவைப் போட்டால் இரண்டு ஊசிகளுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்து, சர்க்கரை ஆபத்தாகத் தாழலாம். பயண நாளில் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். எவ்வளவு என்பது அவருடைய இன்சுலின் வகையையும் சர்க்கரை அளவையும் பொறுத்தது. அதை நான் இங்கே எழுதுவது தவறாகும். டிக்கெட்டில் உள்ள புறப்படும் நேரம், சேரும் நேரம், விமானத்தில் சாப்பாடு வரும் நேரம் மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு, கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தரும் அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி இருவர் பையிலும் வையுங்கள்.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். அங்கே உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு இருக்கட்டும். சோதனைக் கருவியும் குளுக்கோஸும் எட்டும் தூரத்தில் வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் விரைவு இன்சுலினாக இருந்தால், சாப்பாட்டுத் தட்டு கண் முன்னே வந்த பிறகே போடுங்கள். வண்டி இரண்டு வரிசைக்கு முன்னால் நிற்கும்போது விமானம் குலுங்கத் தொடங்கிப் பரிமாறுவது நின்றுபோகலாம். அவர் நெடுநேரம் தூங்கினால் எழுப்பிச் சர்க்கரையைப் பாருங்கள், தூங்கட்டும் என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: திருப்பூரில் ஆடை ஏற்றுமதி செய்கிறேன். டோக்கியோவில் இரண்டு நாள் மட்டும் வேலை. அதற்கு எப்படித் தயாராவது? 
— வாசகர், திருப்பூர்

பதில்: தயாராக வேண்டாம். மூன்றரை மணி நேர வித்தியாசம்தான். உடல் மாறத் தொடங்கும்போது நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். நம் நேரப்படியே தூங்குங்கள்: டோக்கியோவில் இரவு ஒன்றரைக்குப் படுத்துக் காலை எட்டரைக்கு எழுந்தால் அது உங்களுக்குப் பத்தும் ஐந்தும். சந்திப்புகளைப் பிற்பகலுக்குக் கேட்டு வாங்குங்கள். காலை ஒன்பது மணிச் சந்திப்பு தவிர்க்க முடியாததென்றால் அன்று காலை ஒரு காபி உதவும். மாலைக் காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடலில் இருக்கும்.

கேள்வி: மகளும் இரண்டு வயதுப் பேத்தியும் நியூ ஜெர்சியிலிருந்து ஆகஸ்டில் வருகிறார்கள். வந்த மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்திருக்கிறோம். குழந்தை இரவில் அழாமலிருக்க என்ன செய்யலாம்? 
— வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, முதலில் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விருதுநகரில் காலை ஒன்பது மணி என்றால் நியூ ஜெர்சியில் முந்தைய இரவு பதினொன்றரை. மூன்று நாளில் குழந்தையின் உடல் இரண்டு, மூன்று மணி நேரம் முன்னே நகர்ந்திருக்கும். ஆக அவளுக்கு அது இரவு இரண்டு மணி. ஆழ்ந்து தூங்கும் குழந்தையை எழுப்பி, கூட்டத்துக்கு நடுவே மாமன் மடியில் உட்காரவைத்து, மொட்டையும் போட்டுக் காதும் குத்தினால் அவள் எப்படித் தாங்குவாள்?

இரவில் அவள் எழுந்தால் அது அடம் என்று நினைக்காதீர்கள். அவளுக்கு அது விளையாடும் பொழுது, பசிக்கவும் செய்யும். மங்கலான விளக்கில் இட்லியோ தயிர்சாதமோ கொஞ்சம் கொடுங்கள். தொலைக்காட்சியும் கைபேசியும் வேண்டாம். பக்கத்தில் யாராவது அமைதியாக உட்கார்ந்து விளையாடினால் போதும். அந்த யாராவது நீங்களாக இருந்தால் உங்கள் மகள் கொஞ்சம் தூங்குவாள். பயணம் முழுவதும் குழந்தையை மடியில் வைத்திருந்தவள் அவள்தான். குழந்தைக்கு மெலடோனின் எதையும் குழந்தை மருத்துவர் சொல்லாமல் தராதீர்கள். முதல் நாட்களில் காலையில் அவளை இருட்டறையில் தூங்கவிட்டு, பிற்பகலில் முற்றத்தில் விளையாடவிடுங்கள். பகல் தூக்கத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னதாக முடியுங்கள்.

காதுகுத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். பத்து நாள் கழித்து வரும் ஒரு முகூர்த்தத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். அழைப்புப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்று நம்புகிறேன்.